திங்கள் சிந்தனை: விடியுமுன் சென்ற பெண்கள்

கிறித்தவ அன்பர்தம் இல்லங்களில் நாற்பது நாள் நோன்பு நிறைவெய்தி, இயேசு பெருமான் உயிர்த்தெழுந்த திருநாள் வந்துவிட்டது. பல சமயத்தாராய் ஒரு சங்கத்திற் கூடி வாழும் நாம், பொங்கலையும் தீபாவளியையும் போலவே இத்திருநாளிலும் ஒருவர் இல்லத்திற்கு ஒருவர் சென்று வாழ்த்துக் கூறி வருகின்றோம். வாழ்த்துக் கூறுதல் எளிது. ஆனால், துயரத்தால் நெஞ்சு அடைபட்டு, எவ்வாழ்த்தும் உள்ளே புகாத நிலையில் இருப்பவரிடம் நாம் என்ன கூறுவது? இத்திங்கள் அதனையே எண்ணிப் பார்க்க விழைகின்றோம்.

இவ்வெண்ணம் எழக் காரணமாயிருந்தவர் நம் சங்கத்து அன்பர் ஒருவர். திருநெல்வேலிச் சீமையிற் பிறந்தவர். பிழைப்பின் பொருட்டுத் தில்லிக்கு வந்து முப்பது ஆண்டுகள் ஆகின்றன. ஞாயிறுதோறும் தேவாலயத்திற்குத் தவறாமற் செல்பவர். சில நாள்களுக்கு முன் மாலைக் கூட்டம் கலைந்த பின்னர் நம்முடன் பேருந்து நிறுத்தம் வரை நடந்து வந்தவர், "திருநாள் நெருங்க நெருங்க எனக்கு அச்சமாக இருக்கின்றது, ஐயா" என்றார். ஏனென்று கேட்டோம். அவர் கூறியது இது:

2020-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 25-ஆம் நாள் நாடெங்கும் ஊரடங்கு தொடங்கிற்று. பயணிகள் இரயில்கள் அதற்கு முன்னரே நின்றிருந்தன. அன்று உள்நாட்டு வானூர்திகளும் நின்றன. அவ்வாண்டு பெரிய வெள்ளிக்கிழமை ஏப்பிரல் 10-ஆம் நாளும், உயிர்த்தெழுந்த திருநாள் ஏப்பிரல் 12-ஆம் நாளும் வந்தன. அந்தக் கிழமையில்தான் ஊரில் அவர்தம் தாயார் காலமானார். தில்லியிலிருந்து சென்னைக்கு இருப்புப்பாதை வழியே ஏறத்தாழ 2,200 கிலோமீட்டர். அங்கிருந்து திருநெல்வேலிக்கு மேலும் 650 கிலோமீட்டர். சாதாரண நாளிலேயே அது நெடும் பயணம். அன்றோ, தெருமுனையைக் கடக்கவும் வழியில்லை. அடக்கத்திற்கு 20 பேருக்குமேல் கூடலாகாதென்று விதியும் இருந்தது. தங்கையின் மகன் கைப்பேசியைப் பிடித்துக்கொள்ள, அதன் சிறு திரையில் தாயின் பெட்டி குழியில் இறங்குவதை இவர் இங்கிருந்து பார்த்தார். படம் இரண்டு முறை நின்றுபோய் மீண்டும் வந்தது. நின்றிருந்தவர்கள் ஒவ்வொருவராக ஒரு பிடி மண் இட்டார்கள். "என் கை மேசையின்மேல் வெறுமனே கிடந்தது, ஐயா. மூத்த மகன் நான். ஒரு பிடி மண் இடவில்லை. இரண்டு நாளில் திருநாள். கிறிஸ்து உயிர்த்தார் என்று எல்லாரும் செய்தி அனுப்பினார்கள். நான் ஒருவருக்கும் மறுமொழி அனுப்பவில்லை. இன்று வரைக்கும் அந்தச் சொல்லைக் கேட்டால் எனக்கு அந்தக் கைதான் நினைவுக்கு வருகின்றது."

நாம் வாய் திறக்கவில்லை. காலம் ஆற்றும் என்று சொல்லலாம். ஆண்டுகள் பல சென்றும் அவருக்கு ஆற்றவில்லை. இறைவன் திருவுளம் என்று சொல்லலாம். அது தம் துயரைத் தாமே சொல்லித் தேற்றிக்கொள்வார்க்குப் பொருந்துமேயன்றி, பிறர் சொல்லக் கேட்பார்க்கு ஆறுதலாகாது. வள்ளுவர் இல்வாழ்வானுடைய கடமைகளை எண்ணுமிடத்துத் தென்புலத்தாரையே முதலில் வைத்தார். கொள்ளி வைப்பதாயினும், ஒரு பிடி மண் இடுவதாயினும், பெற்றோர்க்குச் செய்யும் இறுதிக் கடன் தமிழர் நெஞ்சில் எவ்வளவு ஆழமாக ஊன்றியது என்பதனை நாம் அறிவோம். ஊரைவிட்டு வந்தவர்கள் அதனை இன்னும் ஆழமாக அறிவார்கள். நள்ளிரவில் தொலைபேசி ஒலித்தால் நம் வீடுகளில் நெஞ்சு திடுக்கிடுவது அதனாலன்றோ!

வீடு திரும்பியதும், நான்கு சுவிசேஷங்களின் இறுதிப் பகுதிகளையும் எடுத்து வைத்துக்கொண்டு மெல்லப் படித்தோம். பலமுறை கேட்ட வரலாறுதான். ஆயினும், அன்பர் கூறியதைக் கேட்ட பின்னர், அதுவரை நம் கண்ணிற் படாத ஒன்று பட்டது. உயிர்த்தெழுந்த செய்தியை உலகில் முதன்முதற் கேட்டவர்கள் யார்? செய்ய வேண்டிய இறுதிக் கடனைச் செய்ய இயலாமற் போனவர்கள்!

நடந்ததை எண்ணிப் பாருங்கள். இயேசு சிலுவையில் உயிர்நீத்தது வெள்ளிக்கிழமை பிற்பகல் ஏறத்தாழ மூன்று மணிக்கு. யூதர் வழக்கப்படி அன்று ஞாயிறு மறைந்தவுடன் ஓய்வுநாள் தொடங்கிவிடும். தொடங்கிவிட்டால் எவ்வேலையும் செய்தலாகாது. இடையே இருந்தவை சில நாழிகைகளே. சீடர்களோ அஞ்சிச் சிதறிவிட்டனர். யூத ஆலோசனைச் சங்கத்தினருள் ஒருவரான அரிமத்தியா ஊர் யோசேப்பு, உரோம ஆளுநன் பிலாத்துவிடம் துணிந்து சென்று உடலைக் கேட்டு வாங்கினார். நிக்கொதேமு என்பார் வெள்ளைப்போளமும் கரியபோளமும் கலந்து நூறு இராத்தல் அளவு கொணர்ந்தார் என்று யோவான் எழுதுகின்றார். உடலைத் துணியாற் சுற்றி, பாறையில் வெட்டிய கல்லறையில் வைத்து, வாயிலைக் கல்லால் அடைத்தனர். எல்லாம் பொழுதோடு போட்டியிட்டுச் செய்த செயல். கலிலேயாவிலிருந்து பெருமானுடன் வந்திருந்த பெண்கள் அதனைப் பார்த்தனர். தம் கையாற் செய்ய வேண்டியது எஞ்சிவிட்டதென்னும் எண்ணத்துடன் திரும்பினர். நறுமணப் பொருள்களை ஆயத்தம் செய்தனர் என்றும், ஓய்வுநாளில் ஓய்ந்திருந்தனர் என்றும் லூக்கா கூறுகின்றார்.

அந்தச் சனிக்கிழமையைப் பற்றி அவர் அதற்குமேற் கூறவில்லை. கூறுவதற்கு என்ன இருக்கின்றது? செய்ய நினைத்தது கையிலே இருக்கின்றது, செய்ய வழியில்லை, கதவடைத்து உட்கார்ந்திருக்க வேண்டும். 2020-ஆம் ஆண்டில் நம் இல்லங்கள் பலவும் அத்தகைய சனிக்கிழமைகளைக் கண்டன. சிலருக்கு அது இன்னும் முடியவில்லை.

ஓய்வுநாள் கழிந்தது. இருள் முற்றும் பிரியுமுன் பெண்கள் புறப்பட்டனர். மகதலேனா மரியாள், யாக்கோபின் தாய் மரியாள், சலோமே என மூவர் பெயரை மாற்கு தருகின்றார். ஒன்றை நாம் கவனித்தல் வேண்டும். அவர்கள் அற்புதம் காணச் செல்லவில்லை. நம்பிக்கை தளராது நின்றவர்கள் என்று அவர்களைப் புகழ்வதும் பொருந்தாது. பிணத்திற்குப் பூசும் பொருளைக் கையில் ஏந்திச் சென்றவர்கள் பிணத்தைக் காண்போம் என்றே சென்றார்கள். அவர்களிடம் எஞ்சியிருந்தது அன்பு ஒன்றே. வழியில் அவர்களை வருத்திய கவலையும் மிகச் சாதாரணமானது: அவ்வளவு பெரிய கல்லைப் புரட்டித் தருவார் யார் என்று தம்முள் பேசிக்கொண்டனராம். விடை தெரியாமலே நடந்தனர். கல் எடுபட்ட பின்னர்ச் செல்வோம் என்று வீட்டிலே இருந்துவிடவில்லை.

சென்று பார்த்தபோது கல் புரட்டப்பட்டிருந்தது, உடல் அங்கில்லை. உயிர்த்தெழுந்தார் என்னும் செய்தி அவர்களுக்கு உரைக்கப்பட்டது. உடனே அவர்கள் மகிழ்ந்து ஆடிப் பாடினார்கள் என்று நாம் எண்ணினால் அது தவறு. மாற்கு எழுதிய சுவிசேஷத்தின் மிகப் பழைய முழுப்படிகளாகிய, நான்காம் நூற்றாண்டைச் சேர்ந்த வத்திக்கான் படியும் சீனாய்ப் படியும், அப்பெண்கள் நடுநடுங்கி ஓடி, அச்சத்தால் ஒருவரிடமும் ஒன்றும் சொல்லாதிருந்தார்கள் என்பதோடு முடிந்துவிடுகின்றன. பின்னர் அவர்கள் கூறியபோது, அப்போஸ்தலர்களே அதனை வீண்பேச்சென்று தள்ளினர் என்கிறார் லூக்கா. நம்பிக்கை பிறந்த காலை அது. ஆயினும் அக்காலை அச்சத்தாலும் ஐயத்தாலும் நிறைந்திருந்தது. ஆதலின், திருநாள் அன்று மகிழ இயலாதவர் எவரும் தம்மை நம்பிக்கையற்ற பாவியென்று நொந்துகொள்ள வேண்டுவதில்லை. முதல் திருநாளிலும் அப்படியே இருந்தனர்.

இனி, அன்பருடைய வினாவிற்கு வருவோம். அப்பெண்கள் கொண்டுசென்ற நறுமணப் பொருள் என்னாயிற்று? அது பயன்படவே இல்லை. எஞ்சிய கடன் எஞ்சியபடியே நின்றது. அவர்கள் எந்தக் குறையை நினைந்து இரண்டு இரவு உறங்காதிருந்திருப்பார்களோ, அந்தக் குறையை எவரும் நிறைவு செய்யவில்லை. நிறைவு செய்ய வேண்டிய தேவையே இல்லாது போயிற்று. அவர்கள் செய்யத் தவறியதனால் பெருமானுக்கு எவ்விழப்பும் நேரவில்லை. அவர் அவர்களுடைய கடமையின் நிறைவிலோ குறைவிலோ கட்டுண்டு கிடக்கவில்லை.

கிறித்தவ நெறியினர் உயிர்த்தெழுதலிற் காணும் நம்பிக்கையின் உயிர்நிலை இதுவே என்று நமக்குத் தோன்றுகின்றது. இறந்தவரைக் காப்பது நம் கை அன்று. நாம் இட்ட மண்ணால் அவர் வாழ்வதுமில்லை. இடாத மண்ணால் அவர் கெடுவதுமில்லை. கிறிஸ்து உயிர்த்தார் என்றால், அவருக்குள் துயில்பவரும் அவர் கையிலேயே இருக்கின்றனர். பவுல் அடிகள் கொரிந்து நகரத்தார்க்கு எழுதிய முதல் கடிதம், சிலுவை நிகழ்ச்சிக்குப் பின் ஏறத்தாழ இருபது, இருபத்தைந்து ஆண்டுகளுக்குள் எழுதப்பட்டது, சுவிசேஷங்களினும் முந்தியது. அதன் பதினைந்தாம் அதிகாரத்தில், உயிர்த்த பெருமானைக் கண்டவர்கள் இன்னின்னார் என்று அவர் வரிசைப்படுத்துகின்றார். அவர்களுட் பெரும்பாலோர் அன்று உயிருடன் இருந்தனர் என்றும் கூறுகின்றார். கிறிஸ்து எழவில்லையேல் தம் போதனை முழுவதும் வீணே என்று அவர் சிறிதும் மழுப்பாமல் ஒப்புக்கொள்வதனையும் அங்கே காணலாம். இனிய கற்பனையால் மனத்தைத் தேற்றிக்கொள்ளுங்கள் என்பது அவர் கருத்தன்று. நடந்தது என்று நம்பி, அந்நம்பிக்கையின்மேல் தம் உயிரையே வைத்தவர் அவர். அதனை ஏற்பதும் ஏலாததும் அவரவர் உள்ளத்தைப் பொறுத்தது. ஏற்பவர், தாம் செய்யாது விட்ட கடனின் சுமையையும் அங்கே இறக்கி வைக்கலாம். அந்த உரிமை அவர்க்கு உண்டு.

அவ்வாறாயின் துயரம் உடனே மறைந்துவிடுமோ? மறையாது. அதற்கும் சுவிசேஷமே சான்று. அதே நாளில் சீடர் இருவர் எருசலேமை விட்டு எம்மாவு என்னும் ஊருக்கு நடந்தனர். ஏறத்தாழ 11 கிலோமீட்டர் தொலைவு. ஒருவர் பெயர் கிலெயோப்பா. பெருநகரில் தம் நம்பிக்கை உடைந்துபோக, அந்நகரை விட்டுச் செல்பவர்கள் எப்படிப் பேசிக்கொண்டு போவார்கள் என்பது நம்மனோர்க்கு விளக்க வேண்டிய செய்தியன்று. வழியில் ஒருவர் வந்து சேர்ந்தார். அவரிடம் இயேசுவைப் பற்றிய தம் நம்பிக்கையை முடிந்துபோன பழங்கதையாகவே கூறினர். கல்லறை வெறுமையாயிருந்த செய்தியும் அவர்களுக்குத் தெரியும், தெரிந்தும் தேறவில்லை. வந்தவர் அவர்களைக் கடிந்துகொண்டாலும் கைவிட்டுப் போகவில்லை, உடன் நடந்தார், அவர்கள் பேச்சைக் கேட்டார், பொழுது சாய்ந்ததும் அவர்கள் வேண்ட, வீட்டினுள் வந்து உணவிற்கு அமர்ந்தார். அப்பத்தைப் பிட்டுக் கொடுத்தபோதுதான் அவரை அறிந்துகொண்டனர். சோர்ந்த நெஞ்சுடன் வந்த அவ்விருவரும், அந்த இராப்பொழுதிலேயே தாம் விட்டு வந்த நகருக்குத் திரும்பி நடந்தனர்.

எருசலேமிலோ ஏனைய சீடர்கள் கதவைப் பூட்டிக்கொண்டு அச்சத்துடன் இருந்தனர். பூட்டிய வீட்டினுள்தான் பெருமான் வந்து நின்றார் என்கிறார் யோவான். 2020-ஆம் ஆண்டுத் திருநாளன்று நாடெங்கும் தேவாலயங்கள் மூடிக் கிடக்க, வீட்டினுள் அமர்ந்து இப்பகுதியைப் படித்தவர்கள் பலர். அன்று உடன் இல்லாதிருந்த தோமா, காயங்களைத் தொட்டுப் பார்த்தாலன்றி நம்பேன் என்றார். எட்டு நாள் கழித்து அவருக்குக் காட்டப்பட்டவையும் காயங்களே. உயிர்த்த உடலிலும் ஆணித்தழும்பு மறையவில்லை. இந்தத் தோமாவே கி.பி. 52-இல் நம் நாட்டிற்கு வந்து, 72-இல் சென்னைப் பகுதியில் உயிர்நீத்தார் என்பது வழிவழி வரும் மரபு. மயிலையில் சாந்தோம் தேவாலயத்தையும், பரங்கிமலையையும், சின்னமலையையும் அறியாத சென்னைவாசி இலர். ஐயுற்றவர் என்று பெயர்பெற்ற ஒருவரையே தமிழ்நாட்டுக் கிறித்தவர் தம் முதல் தூதராகப் போற்றி வருவது நாம் எண்ணி மகிழத்தக்கது.

தழும்பு மறையாது என்பதற்கு அண்மைக்காலச் சான்றும் உண்டு. 2019-ஆம் ஆண்டு ஏப்பிரல் 21, உயிர்த்தெழுந்த திருநாள் காலையில், இலங்கையில் தேவாலயங்களிலும் விடுதிகளிலும் குண்டுகள் வெடித்து 250-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். மட்டக்களப்புச் சீயோன் தேவாலயத்தில் மாண்டோருட் சிறு குழந்தைகளும் பலர். நீர்கொழும்பை அடுத்த கட்டுவாப்பிட்டித் தேவாலயத்தில், உயிர்த்த இயேசுவின் திருவுருவத்தின்மேல் இரத்தம் தெறித்திருந்த படத்தை உலகமே கண்டது. அத்துயரத்திற்கு விளக்கம் கூற நாம் துணியோம். ஆயினும் அதற்கடுத்த ஆண்டும், அதற்கடுத்த ஆண்டும் அம்மக்கள் அத்திருநாளைக் கைவிடவில்லை. மறந்ததனால் அன்று, மறவாமலே கொண்டாடினார்கள்.

மறுகிழமை அன்பரைச் சந்தித்தபோது, நாம் படித்ததை இவ்வாறே அவரிடம் கூறினோம். நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. பின்னர், "அந்தப் பெண்கள் அவ்வளவு பொருளையும் பிறகு என்ன செய்திருப்பார்கள்?" என்று கேட்டார். சுவிசேஷங்களில் அதற்கு விடையில்லை என்றோம். அவர் சிறிது நகைத்தார். "என் தாயார் அந்த இடத்தில் இருந்திருந்தால் வீணாக்கியிருக்க மாட்டார்கள். அண்டை வீட்டில் யாருக்காவது கொடுத்திருப்பார்கள்" என்றார். தாயாரைப் பற்றி, இறந்த நாளை விட்டு வாழ்ந்த நாளை நினைந்து அவர் பேசி நாம் கேட்டது அதுவே முதன்முறை. பள்ளி விடுமுறையில் குடும்பத்துடன் ஊருக்குச் செல்லப் பயணச்சீட்டு வாங்கியிருப்பதாகவும், தங்கையுடன் கல்லறைக்குச் சென்று சிறிது நேரம் இருந்துவர விரும்புவதாகவும் கூறினார். விட்ட கடனைத் தீர்ப்பதற்கா என்று நாம் கேட்கவில்லை. அவரே, "ஒன்றும் செய்வதற்கில்லை, சும்மா பார்த்துவிட்டு வரத்தான்" என்றார்.

1732-ஆம் ஆண்டு செருமனி நாட்டில் ஹெர்ன்ஹூட் என்னும் ஊரில் மொராவியச் சபையைச் சார்ந்த இளைஞர்கள், உயிர்த்தெழுந்த நாளின் விடியலில் தம் ஊர்க் கல்லறைத் தோட்டத்திற்குச் சென்று கூடிப் பாடினார்கள். துயரத்தின் இடத்திற்கே சென்று நம்பிக்கையைப் பாடும் அவ்வழக்கம் பின்னர்ப் பல நாடுகளிலும் பரவிற்று. நம் நாட்டிலும் பல தேவாலயங்களில் இத்திருநாளின் ஆராதனை இருள் பிரியுமுன்னரே தொடங்குகின்றது. விடிந்த பின்னர்ச் செல்வது எவர்க்கும் எளிது. இருளிற் செல்வதற்கே உடன் வருவார் வேண்டும். அப்பெண்களும் தனியே செல்லவில்லை என்று மத்தேயுவும் மாற்கும் லூக்காவும் கூறுவது நோக்கத்தக்கது.

சங்க அன்பர்களே! இதிலிருந்து நாம் கொள்ளத்தக்கது ஒன்று உண்டு. அதற்கு இன்ன சமயத்தார் என்னும் வேறுபாடு வேண்டுவதில்லை. நம்மிடையே ஓர் இல்லத்திற்கு ஊரிலிருந்து துயரச் செய்தி வந்தால், அறிவுரை கூற விரையாமல், உடன் நடப்பதற்கு விரைவோம். பயணச்சீட்டிற்கு ஒருவர் அலையலாம். பிள்ளைகளை ஒருவர் தம் வீட்டில் வைத்துக்கொள்ளலாம். அடுப்பு மூட்டாத வீட்டிற்கு ஒருவர் சோறு கொண்டு செல்லலாம். போக இயலாமற் போனவரிடம், அவர்தம் தாயைப் பற்றியோ தந்தையைப் பற்றியோ கேட்டு, அவர் சொல்லச் சொல்ல அமர்ந்திருக்கலாம். சென்ற ஆண்டுகளில் அவ்வாறு போக இயலாதவர் நம் குடும்பங்களில் எத்தனை பேர் என்பதனை அவரவர் தெருவில் எண்ணிப் பாருங்கள். அவர்கள் இல்லத்திற்கு இத்திருநாளை ஒட்டி ஒருமுறை சென்று வாருங்கள்.

கல்லைப் புரட்டும் வலிமை நமக்கு இல்லை. அது புரட்டப்படும் என்று நம்புவோரும் நம் நடுவே உளர்; நம்ப இயலாது தவிப்போரும் உளர். அந்த இருளில் உடன் நடந்து செல்லுதல் ஒன்று நம்மால் இயலும்.

கிறித்தவ அன்பர் அனைவர்க்கும் உயிர்த்தெழுந்த திருநாள் நல்வாழ்த்துகள்.